நடுவரின் தவறும் மேல்முறையீட்டு உரிமையும்

2024 ஜூன் 11 இரவு. கத்தாரின் ஜாசிம் பின் ஹமத் மைதானம். 2026 உலகக் கோப்பைக்கான ஆசியத் தகுதிப் போட்டிகளின் இரண்டாம் சுற்றில் இந்திய அணிக்கு அதுவே கடைசி ஆட்டம். வென்றால், முதல்முறையாக இந்தியா மூன்றாம் சுற்றில் காலடி வைக்கும். 37ஆவது நிமிடத்தில் மிசோரமைச் சேர்ந்த லாலியன்சுவாலா சாங்டே கோல் அடித்தார். ஆசியச் சாம்பியனான கத்தாரை எதிர்த்து, அதன் சொந்த மண்ணில், ஒரு மணி நேரத்திற்கும் மேலாகக் களத்தில் நின்ற இந்திய அணி 1–0 என்று முன்னிலையில் இருந்தது.

73ஆவது நிமிடத்தில் கத்தார் வீரர் யூசுப் அய்மன் தலையால் முட்டிய பந்தை இந்தியக் கோல்கீப்பர் குர்பிரீத் சிங் சந்து தடுத்தார். தடுக்கப்பட்ட பந்து கோல் கம்பத்திற்கு வெளிப்புறமாக உருண்டு எல்லைக்கோட்டை முழுவதுமாகக் கடந்தது. கார்னர் கிக் என்று கருதிய இந்திய வீரர்கள் ஆடுவதை நிறுத்தினர். கோட்டுக்கு வெளியே சென்ற அந்தப் பந்தை ஒரு கத்தார் வீரர் காலால் உள்ளே இழுத்துத் தர, அய்மன் அதை வலைக்குள் தள்ளினார். நடுவர் கோல் என்று அறிவித்தார். இந்திய வீரர்கள் சூழ்ந்து நின்று முறையிட்டும் பயனில்லை. 85ஆவது நிமிடத்தில் கத்தார் இன்னொரு கோல் அடித்து 2–1 என்று வென்றது. அதே நாளில் ஆப்கானிஸ்தானை வென்ற குவைத் மூன்றாம் சுற்றுக்குச் சென்றது. இந்தியா வெளியேறியது.

சில நொடிகளில் தொலைக்காட்சியில் மறுஒளிபரப்பு வந்தது. பந்து கோட்டைக் கடந்து கிடந்ததை உலகமே பார்த்தது. அதைப் பார்க்கும் வாய்ப்பு மறுக்கப்பட்டவர்கள், முடிவெடுக்க வேண்டிய நடுவரும் அவருடைய உதவியாளர்களும் மட்டுமே.

அந்த நடுவரைத் தூற்றுவது இக்கட்டுரையின் நோக்கமல்ல. மனிதக் கண் தவறும். விரைந்து ஓடும் பந்தை, பத்துப் பேர் மறைத்து நிற்கும் நெரிசலுக்கு நடுவே, ஒரே ஒரு முறை பார்த்து முடிவு சொல்லும் எவரும் தவறக்கூடும். தவறைத் திருத்தும் வழி யாருக்குத் திறந்திருக்கிறது, யாருக்கு மூடப்பட்டிருக்கிறது என்பதே நம் முன் உள்ள கேள்வி.

அதே மைதானம், ஐந்து மாதங்களுக்கு முன்பு

2024 ஜனவரியிலும் பிப்ரவரியிலும் ஆசியக் கோப்பைப் போட்டி கத்தாரில் நடைபெற்றது. அதன் 51 ஆட்டங்களிலும் காணொலி உதவி நடுவர் முறை, அதாவது விஏஆர், செயல்பட்டது. போட்டி நடந்த ஒன்பது மைதானங்களுள் ஜாசிம் பின் ஹமத் மைதானமும் ஒன்று. கேமராக்களைப் பொருத்தி, காணொலி அறை அமைத்து, பயிற்சி பெற்ற நடுவர்களை அமர்த்தி ஆட்டம் நடத்திய அதே இடத்தில், ஐந்தே மாதங்கள் கழித்து நடந்த உலகக் கோப்பைத் தகுதி ஆட்டத்தில் அந்த வசதி இல்லை. தொழில்நுட்பம் இல்லாததால் அல்ல. இரண்டாம் சுற்றுக்கு அது தேவையில்லை என்று ஆசியக் கால்பந்தில் முடிவு செய்திருந்ததால். அதே தகுதிப் போட்டிகளின் மூன்றாம் சுற்றில் விஏஆர் வந்துவிட்டது.

இரண்டாம் சுற்றில் ஆடுபவை யாருடைய அணிகள்? இந்தியா, ஆப்கானிஸ்தான், நேபாளம், வங்கதேசம், மியான்மர் போன்ற நாடுகள் அந்தக் கட்டத்திலேயே பெரும்பாலும் நின்றுவிடுகின்றன. மூன்றாம் சுற்றுக்குச் செல்பவை பெரும்பாலும் ஜப்பான், தென் கொரியா, சவூதி அரேபியா, ஈரான் போன்ற வலுவான அணிகள். எனவே நடைமுறையில் இந்த ஏற்பாட்டின் பொருள் இதுதான்: பணமும் பலமும் உள்ளவர்களுக்கு மேல்முறையீட்டு நீதிமன்றம் உண்டு, ஏழைகளுக்குக் கீழமை நீதிமன்றத்தின் தீர்ப்பே இறுதி. மூன்றாம் சுற்றின் வாசலுக்கு வந்து நின்ற ஓர் அணி, அந்த வாசலுக்கு உள்ளே மட்டும் வழங்கப்படும் நீதி இல்லாததால் வெளியே தள்ளப்பட்டது.

அகில இந்தியக் கால்பந்துச் சம்மேளனம் புகார் அளித்தது, விசாரணை கோரியது. ஆனால் ஆட்டத்தின் முடிவு மாறவில்லை. மாற வழியும் இல்லை. ஆட்ட நிகழ்வுகள் குறித்த நடுவரின் முடிவே இறுதியானது என்பது கால்பந்து விதி. ஆட்டம் மீண்டும் தொடங்கிவிட்டால் நடுவரே விரும்பினாலும் தன் முடிவைத் திரும்பப் பெற முடியாது. ஆகவே காணொலிச் சான்றுக்கு மதிப்பு இருக்க வேண்டுமானால், அது அந்த நொடியிலேயே, மைதானத்திலேயே கிடைக்க வேண்டும். மறுநாள் கிடைக்கும் சான்று நாளேட்டுச் செய்திக்கு உதவும், நீதிக்கு உதவாது.

எல்லோரும் பார்த்தார்கள், நடுவரைத் தவிர

இந்தச் சிக்கல் புதிதல்ல. 1966 உலகக் கோப்பை இறுதியாட்டத்தின் கூடுதல் நேரத்தில் இங்கிலாந்தின் ஜெஃப் ஹர்ஸ்ட் அடித்த பந்து மேல்கம்பத்தில் பட்டுக் கோட்டருகே விழுந்தது. சுவிட்சர்லாந்து நடுவர், சோவியத் ஒன்றியத்தின் அஜர்பைஜானைச் சேர்ந்த கோட்டு நடுவர் தோஃபிக் பஹ்ராமோவிடம் கேட்டு, கோல் என்று அறிவித்தார். அது கோட்டைக் கடந்ததா என்ற வாதம் அரை நூற்றாண்டு கடந்தும் ஓயவில்லை.

2009 நவம்பர் 18 அன்று பிரான்சுக்கும் அயர்லாந்துக்கும் இடையிலான உலகக் கோப்பைத் தகுதி ஆட்டத்தில், தியரி ஆன்ரி கையால் பந்தைக் கட்டுப்படுத்தித் தர, வில்லியம் கல்லாஸ் கோல் அடித்தார். பிரான்ஸ் உலகக் கோப்பைக்குச் சென்றது. அயர்லாந்து வீட்டில் இருந்தது. அயர்லாந்து வழக்குத் தொடராமலிருக்க ஃபிஃபா பணம் கொடுத்தது என்ற உண்மை 2015இல் வெளிவந்தது. மைதானம் கட்டக் கொடுத்த 50 லட்சம் டாலர் கடன் என்றும், பின்னர் அதைத் தள்ளுபடி செய்துவிட்டோம் என்றும் ஃபிஃபா விளக்கம் சொன்னது. நீதி கேட்டவரின் கையில் பணத்தைத் திணித்து வாயை மூடச் செய்யும் பழக்கம் நம் ஊர் ஆலை வாசல்களிலும் நாம் காணாததல்ல.

2010 ஜூன் 27 இன்னும் வெளிப்படையான நாள். தென்னாப்பிரிக்காவில் ஜெர்மனிக்கு எதிராக இங்கிலாந்தின் ஃபிராங்க் லாம்பார்ட் அடித்த பந்து மேல்கம்பத்தில் பட்டுக் கோட்டைத் தாண்டி நன்கு உள்ளே விழுந்தும் கோல் வழங்கப்படவில்லை. அன்று மாலையே ஜோகன்னஸ்பர்க்கில் மெக்சிகோவுக்கு எதிராக அர்ஜென்டினாவின் கார்லோஸ் தேவேஸ் ஆஃப்சைடு நிலையில் நின்று கோல் அடித்தார். மைதானத்தின் பெருந்திரையில் அந்தக் காட்சி மீண்டும் ஓடியது. மெக்சிகோ வீரர்கள் திரையைக் காட்டிக் காட்டி முறையிட்டனர். அரங்கம் முழுவதும் உண்மையைக் கண்டது. ஆனால் திரையைப் பார்த்து முடிவெடுக்க நடுவருக்கு விதி அனுமதி அளிக்கவில்லை. மறுநாள் ஃபிஃபா தரப்பிலிருந்து வந்த முதல் விளக்கம், அந்தக் காட்சியைத் திரையில் காட்டியதுதான் தவறு என்பதாக இருந்தது! தவறைத் திருத்துவதற்குப் பதில் தவறு தெரியாமல் மறைப்பதே அதிகாரத்தின் முதல் எதிர்வினை. அதற்குப் பிறகுதான் அன்றைய ஃபிஃபா தலைவர் செப் பிளாட்டர் இரு நாடுகளிடமும் மன்னிப்புக் கேட்டார்.

இத்தனைக்கும் காணொலிச் சான்று ஃபிஃபாவுக்கு அந்நியமானதல்ல. 1994 உலகக் கோப்பையில் ஸ்பெயின் வீரரை முழங்கையால் தாக்கிய இத்தாலியின் மவுரோ தசோட்டியை ஆட்டத்தில் நடுவர் தண்டிக்கவில்லை. பிறகு காணொலியைப் பார்த்து எட்டு ஆட்டங்களுக்குத் தடை விதித்தது ஃபிஃபா. அந்தத் தண்டனை நியாயமானதே. ஆனால் வீரரைத் தண்டிக்கக் கேமராவை நம்பலாம், அணிக்கு நீதி வழங்கக் கேமராவை நம்பக் கூடாது என்ற நிலையே கால் நூற்றாண்டுக் காலம் நீடித்தது. கண்காணிப்புக் கேமரா நிர்வாகத்தின் கையில் மட்டும் இருக்கும் தொழிற்சாலையில் வேலை செய்பவர்களுக்கு இந்தத் தர்க்கம் நன்கு புரியும்.

விதியை எழுதும் மேசை

மாற்றம் ஏன் இவ்வளவு தாமதமானது? கோல் கோட்டுத் தொழில்நுட்பத்திற்கு 2012 ஜூலையில்தான் அனுமதி கிடைத்தது. 2014 உலகக் கோப்பையில் அது நடைமுறைக்கு வந்தது. விஏஆர் 2018 மார்ச்சில் விதிப் புத்தகத்தில் இடம்பெற்று, அதே ஆண்டு ரஷ்யாவில் நடந்த உலகக் கோப்பையில் பயன்பட்டது. ஆனால் கிரிக்கெட்டில் 1992லேயே மூன்றாவது நடுவர் தொலைக்காட்சியைப் பார்த்து ரன் அவுட் வழங்கத் தொடங்கிவிட்டார். டர்பனில் அவ்வாறு முதலில் ஆட்டமிழந்தவர் சச்சின் டெண்டுல்கர் என்பதை நம் வாசகர்கள் பலர் நினைவில் வைத்திருப்பர். கால்பந்து அதிலிருந்து கால் நூற்றாண்டு பின்தங்கியது.

கால்பந்து விதிகளை எழுதுவது 1886இல் உருவான சர்வதேசக் கால்பந்துச் சங்க வாரியம். அதில் மொத்தம் எட்டு வாக்குகள். இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து ஆகிய நான்கு சங்கங்களுக்குத் தலா ஒன்று. உலகின் எஞ்சிய நாடுகள் அனைத்திற்கும் சேர்த்து ஃபிஃபாவுக்கு நான்கு. ஒரு விதியை மாற்ற ஆறு வாக்குகள் தேவை. சுமார் 30 லட்சம் மக்கள் வாழும் வேல்சுக்கு அங்கே தனி வாக்கு உண்டு. பிரேசிலுக்கு இல்லை, அர்ஜென்டினாவுக்கு இல்லை, ஆப்பிரிக்காவின் எந்த நாட்டுக்கும் இல்லை, 140 கோடி மக்களைக் கொண்ட இந்தியாவுக்கும் இல்லை. 1911இல் மோகன் பகான் அணி கிழக்கு யார்க்ஷயர் படைப்பிரிவை வீழ்த்தி ஐஎஃப்ஏ கேடயம் வென்றபோது, அது காலனியாதிக்கத்திற்கு விழுந்த அடியாக வங்கமே கொண்டாடியது. மைதானத்தில் காலனியாதிக்கம் தோற்று நூறாண்டுகள் கடந்துவிட்டன. விதியை எழுதும் மேசையில் அது இன்றும் அமர்ந்திருக்கிறது.

மறுப்பவர்கள் சொல்வது

காணொலி முறையை எதிர்ப்பவர்கள் எல்லோரும் அதிகாரத்தின் பக்கம் நிற்பவர்கள் அல்லர். அவர்கள் வாதங்களை நேர்மையாக எதிர்கொள்ள வேண்டும்.

முதலாவது, உணர்வு சார்ந்தது. 1986 ஜூன் 22 அன்று மெக்சிகோ நகரில் இங்கிலாந்துக்கு எதிராக மரடோனா கையால் தட்டி அடித்த கோலை நம்மில் பலர் இன்றும் ரசிக்கிறோம். மால்வினாஸ் போர் முடிந்து நான்கே ஆண்டுகள். சே குவேராவைத் தோளில் பச்சை குத்திய, ஃபிடலை நேசித்த அந்த மனிதர் நமக்கு நெருக்கமானவர். காணொலி இருந்திருந்தால் அந்தக் கோல் இல்லை. ஆனால் நமக்குப் பிடித்தவருக்குச் சாதகமாக அமைந்த தவறை நியாயம் என்று சொல்லிவிட்டு, நமக்கு எதிராக அமைந்த தவறை அநியாயம் என்று சொல்ல முடியாது. மரடோனாவின் புகழுக்கு அந்தக் கை தேவையுமில்லை. நான்கு நிமிடங்கள் கழித்து, பாதி மைதானத்தைக் கடந்து ஓடி, ஆட்டக்காரர்களை ஒருவர் பின் ஒருவராகத் தாண்டி அவர் அடித்த இரண்டாவது கோலை எந்தக் கேமராவாலும் அழிக்க முடியாது.

இரண்டாவது, ரசிகர்களின் வாதம். ஸ்வீடனில் கிளப்புகளின் பெரும்பான்மை உரிமை உறுப்பினர்களான ரசிகர்களிடமே இருக்க வேண்டும் என்ற விதி உள்ளது. அந்த ரசிகர்களின் எதிர்ப்பால் ஸ்வீடன் லீக் விஏஆரை ஏற்கவில்லை. கோல் விழுந்த நொடியில் பொங்கும் மகிழ்ச்சியை மூன்று நான்கு நிமிடக் காத்திருப்பு கொன்றுவிடுகிறது, அரங்கில் இருப்பவர்களுக்கு என்ன நடக்கிறது என்றே தெரிவதில்லை என்பது அவர்கள் குறை. இது புறந்தள்ளத்தக்கதல்ல. ஜனநாயக முறையில் அந்த முடிவை எடுத்தார்கள் என்பதையும் மதிக்க வேண்டும். ஆனால் அங்கே முடிவு எல்லா அணிகளுக்கும் ஒன்றுபோலப் பொருந்துகிறது. ஆசியத் தகுதிப் போட்டியில் நடந்தது அதுவல்ல.

மூன்றாவது, கேமரா வந்தும் தவறு தொடர்கிறது என்பது. உண்மைதான். 2023 செப்டம்பர் 30 அன்று டாட்டன்ஹாமுக்கு எதிராக லிவர்பூலின் லூயிஸ் தியாஸ் அடித்த முறையான கோலை மைதானத்தில் ஆஃப்சைடு என்று மறுத்தனர். காணொலி அறையில் இருந்தவரோ, மைதானத்தில் கோல் வழங்கப்பட்டதாக எண்ணிக்கொண்டு ‘சரி’ என்று சொல்லிவிட்டார். தவறு தெரிந்தபோது ஆட்டம் மீண்டும் தொடங்கிவிட்டது. இயந்திரம் மனிதனின் இடத்தில் அமர்ந்து நீதி வழங்கும் என்ற மாயை நமக்கு வேண்டாம். மருத்துவமனைக்குக் கருவி வந்தாலும் மருத்துவர் வேண்டும். ஆனால் மருத்துவர் தவறு செய்யக்கூடும் என்பதற்காகக் கருவியை மறுக்கவும் மாட்டோம். அதனால்தான் விஏஆர் முறையும் எல்லாவற்றிலும் தலையிடுவதில்லை. கோல், பெனால்டி, நேரடிச் சிவப்பு அட்டை, ஆள் மாறித் தண்டித்தல் போன்ற குறிப்பிட்ட முடிவுகளில் மட்டும், அதுவும் தெளிவான தவறு நேர்ந்தால் மட்டும் அது குறுக்கிடலாம். இறுதி முடிவு மைதான நடுவருடையதே.

நடுவரும் உழைப்பாளியே

தவறு நேரும்போது முதலில் தூக்கில் ஏற்றப்படுபவர் நடுவர். இந்தியாவில் கால்பந்து நடுவர்களில் பெரும்பாலோர் வேறொரு வேலை பார்த்துக்கொண்டு, ஆட்டத்திற்கு இவ்வளவு என்ற ஊதியத்தில் விசில் பிடிப்பவர்கள். வெயிலிலும் மழையிலும் வீரர்களுக்கு இணையாக ஓடுகிறார்கள். பல கேமராக்கள் பல கோணங்களில் மெதுவாக ஓட்டிக் காட்டுவதை, ஒரே பார்வையில் தீர்மானிக்கச் சொல்கிறோம். தவறினால் ரசிகர்களின் வசையும் சமூக ஊடக மிரட்டலும் அவருக்கு. அந்தக் கருவியைத் தர மறுத்த நிர்வாகிகள் குளிரூட்டப்பட்ட அறையில் இருக்கிறார்கள். பாதுகாப்புக் கருவி தராமல் சுரங்கத்தில் இறக்கிவிட்டு, விபத்துக்குத் தொழிலாளியின் கவனக்குறைவே காரணம் என்று அறிக்கை விடும் நிர்வாகத்திற்கும் இதற்கும் என்ன வேறுபாடு? காணொலி முறை வீரர்களுக்கு மட்டுமல்ல, நடுவருக்கும் பாதுகாப்பு.

நம் நாட்டு நிலை

2014இல் தொடங்கிய இந்தியன் சூப்பர் லீக், 2024–25 வரை பதினொரு பருவங்களைக் கடந்தும் விஏஆர் இல்லாமலேயே நடந்தது. வியட்நாம் தன் உள்நாட்டு லீக்கில் 2023லேயே அதைக் கொண்டுவந்துவிட்டது. தாய்லாந்து, மலேசியா, இந்தோனேசியா லீக்குகளிலும் அது உண்டு. நம்மைவிடப் பெரிய பொருளாதாரம் கொண்ட நாடு அல்ல வியட்நாம். நம் லீக்கின் வணிக உரிமையோ 2010இல் செய்த 15 ஆண்டு ஒப்பந்தத்தின் வழியே ரிலையன்ஸ் குழுமத்தின் கைக்குச் சென்றது. விளம்பரத்திற்கும் நட்சத்திரக் கொண்டாட்டத்திற்கும் இருந்த பணம், நடுவரின் கண்ணுக்குத் துணை செய்ய இல்லாமற்போனது. ஒப்பந்தம் முடியும் தறுவாயில், 2025 ஜூலையில், அடுத்த பருவமே நிறுத்திவைக்கப்படுவதாக அறிவிப்பு வந்தது. வீரர்களின் ஊதியமும் பயிற்சியாளர்களின் வேலையும் அந்தரத்தில் தொங்கின. மக்களின் விளையாட்டைத் தனியார் ஏகபோகத்திடம் ஒப்படைத்தால் என்ன நேரும் என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

2023 மார்ச் 3 அன்று பெங்களூரில் நடந்த பிளே ஆஃப் ஆட்டத்தின் கூடுதல் நேரத்தில், கேரளா பிளாஸ்டர்ஸ் தடுப்புச்சுவர் அமைக்கும் முன்பே சுனில் சேத்ரி விரைந்து ஃப்ரீ கிக் அடித்தார். நடுவர் கோல் வழங்கினார். முறையிட வழியின்றிக் கேரள அணி மைதானத்தை விட்டு வெளியேறியது. அணிக்கு நான்கு கோடி ரூபாய் அபராதம், பயிற்சியாளருக்குப் பத்து ஆட்டத் தடை என்று சம்மேளனம் விரைந்து தண்டித்தது. அந்த முடிவு சரியா தவறா என்பதில் இரு கருத்துகள் உண்டு. எல்லாச் சர்ச்சைக்கும் காணொலி விடை தராது என்பதும் உண்மை. ஆனால் முறையிடும் வாயில் இல்லாத இடத்தில்தான் வெளிநடப்பு நிகழ்கிறது. வாயிலைத் திறக்க ஆண்டுக்கணக்கில் யோசிக்கும் நிர்வாகம், வெளிநடப்பைத் தண்டிக்க ஒரு மாதம்கூட எடுத்துக்கொள்ளவில்லை.

கத்தார் ஆட்டத்தின் அந்த ஒரு கோல்தான் இந்தியக் கால்பந்தை வீழ்த்தியது என்று சொல்வது நம்மையே ஏமாற்றிக்கொள்வதாகும். ஆப்கானிஸ்தானிடம் கவுகாத்தியில் தோற்றதும், குவைத்துடன் கொல்கத்தாவில் கோலின்றிச் சமன் செய்ததும் அந்த ஆட்டத்திற்கு முந்தியவை. அதன் பின்பு 2027 ஆசியக் கோப்பைக்கும் இந்தியா தகுதி பெறவில்லை. பள்ளிகளில் மைதானம் இல்லை, சிறுவர்களுக்கு லீக் இல்லை, சம்மேளனத்தில் அரசியல் செல்வாக்குக்கும் கோஷ்டிச் சண்டைக்கும் குறைவில்லை. 2022 ஆகஸ்டில் ஃபிஃபாவே இந்தியச் சம்மேளனத்தை இடைநீக்கம் செய்யும் அளவுக்கு நிலை சீர்கெட்டிருந்தது. இந்த நோய்களைக் காணொலி குணப்படுத்தாது. ஆனால் பலவீனமானவர் என்பதற்காக ஒருவருக்கு நீதி மறுக்கப்படலாகாது. தகுதியில்லாதவர்கள் தோற்கட்டும், கோட்டுக்கு வெளியே போன பந்தால் தோற்க வேண்டாம்.

செய்ய வேண்டியவை

ஒரே போட்டியின் எல்லாச் சுற்றுகளிலும், எல்லா அணிகளுக்கும் ஒரே மறுஆய்வு வசதி இருக்க வேண்டும். அதற்கான செலவை ஃபிஃபாவும் ஆசியக் கூட்டமைப்பும் ஏற்க வேண்டும். 2019 முதல் 2022 வரையிலான நான்காண்டுகளில் 750 கோடி டாலருக்கும் மேல் வருவாய் ஈட்டிய அமைப்பு, நேபாளத்திடமும் வங்கதேசத்திடமும் கேமராவுக்குக் காசில்லை என்று சொல்ல முடியாது.

முழு விஏஆர் இயலாத இடங்களுக்கு எளிய வழியும் வந்துவிட்டது. 2024இல் கொலம்பியாவில் நடந்த 20 வயதுக்குட்பட்ட மகளிர் உலகக் கோப்பையில், தனிக் காணொலி நடுவர்கள் இல்லாத முறையொன்று சோதிக்கப்பட்டது. ஒவ்வொரு அணியின் பயிற்சியாளரும் ஆட்டத்திற்கு இருமுறை மறுஆய்வு கோரலாம். மைதான நடுவரே திரையில் பார்த்து முடிவு சொல்வார். கோரிக்கை சரியென்றால் வாய்ப்பு குறையாது. குறைந்த கேமராக்கள் போதும். இதில் செலவு குறைவு என்பதைவிட முக்கியமானது, முறையிடும் உரிமை ஆடுபவர்களின் கைக்கு வருகிறது என்பதே. இந்தியச் சம்மேளனம் இம்முறையை ஆண்கள், மகளிர் லீக்குகள் இரண்டிலும் கொண்டுவர வேண்டும். நடுவர்களுக்கு முழுநேர வேலையும் பயிற்சியும் அளிக்க வேண்டும். விதி எழுதும் வாரியத்தில் ஆசிய, ஆப்பிரிக்க, லத்தீன் அமெரிக்க நாடுகளுக்கு வாக்குரிமை கோரி இந்தியா குரல் எழுப்ப வேண்டும்.

கேரளத்திலும் வங்கத்திலும் மணிப்பூரிலும் கோவாவிலும் கால்பந்து உழைக்கும் மக்களின் விளையாட்டு. விலையுயர்ந்த கருவி எதுவும் கேட்காது. ஒரு பந்தும் சிறிது திடலும் போதும். ஆட்டத்திற்குள் எல்லோரும் சமம் என்ற நம்பிக்கையே அதன் உயிர். அந்த நம்பிக்கையைக் காக்கும் போராட்டத்தை விளையாட்டுப் பக்கத்தோடு நிறுத்திவிடாமல், நம் இளைஞர், மாணவர் அமைப்புகள் தம் கோரிக்கைப் பட்டியலில் சேர்க்க வேண்டும்.